குழி தோண்டுமுன் மண்ணைக் கேளுங்கள்

மழை விட்ட மறுநாள் உங்கள் வீட்டு மழைநீர்க் குழியை எட்டிப் பாருங்கள். நீர் இறங்கிவிட்டதா? அல்லது கொசு முட்டையிட ஏற்ற குட்டையாக நிற்கிறதா? இந்தக் கேள்விக்கு விடை குழியில் இல்லை. அதைச் சுற்றியுள்ள மண்ணில் இருக்கிறது.

2003-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அது நல்ல சட்டம். கூரைநீரைச் சாக்கடைக்கு அனுப்பும் வழக்கத்தை அது கண்டித்தது. ஆனால் நடைமுறையில் ஒரு குறை நேர்ந்தது. ஒரு குழி, அதில் கல், சல்லி, மணல் என்ற ஒரே அமைப்பு எல்லா ஊருக்கும் பொதுவாகிவிட்டது. எல்லா நோய்க்கும் ஒரே மருந்து தரும் வைத்தியரை நாம் ஏற்போமா?

புதுக்கோட்டை மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். மேற்கே விராலிமலை, குளத்தூர், இலுப்பூர்ப் பக்கம் கெட்டிப் பாறை நாடு. நார்த்தாமலையையும் குடுமியான்மலையையும் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. அங்கே மேல்மண்ணின் ஆழம் குறைவு. நீர் தங்குவது சிதைந்த பாறையிலும் வெடிப்புகளிலும்தான். கந்தர்வகோட்டை, ஆலங்குடிப் பக்கம் செம்மண்ணும் செம்புறாங்கல்லும் காணப்படும். கிழக்கே மணமேல்குடிக் கரையில் கடல் மணல். ஒரே மாவட்டம், ஆயினும் நிலத்தின் இயல்பு பல வகை.

இனி, மண்ணின் குணத்தைக் காண்போம். களிமண்ணில் இடைவெளி குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அதுவன்று. களிமண்ணின் பருமனில் ஏறத்தாழப் பாதி இடைவெளியே. மணலில் அது இன்னும் குறைவு. ஆனால் களிமண்ணின் இடைவெளிகள் மிக நுண்ணியவை. நீர் அவற்றில் ஒட்டிக்கொள்ளும், நகராது. நீரைக் கொள்வது வேறு, கடத்துவது வேறு. 1856-இல் பிரான்சு நாட்டுப் பொறியாளர் ஹென்றி டார்சி, மணல் நிரப்பிய குழாய்களில் நீரைச் செலுத்தி இதை அளந்தார். நீரின் அழுத்தம் மட்டுமன்று, அது செல்லும் பொருளின் இயல்பும் வேகத்தைத் தீர்மானிக்கிறது என்பது அவர் கண்ட விதி.

நன்கு நனைந்த பின், மணலில் ஒரு மணி நேரத்தில் 30 மி.மீ.க்கு மேல் நீர் இறங்கும். வண்டல் கலந்த நடுத்தர மண்ணில் 10 முதல் 20 மி.மீ.; களிமண்ணில் 1 முதல் 5 மி.மீ. மட்டுமே.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 சதுர மீட்டர் கூரையில் 25 மி.மீ. மழை பெய்தால் 2,500 லிட்டர் நீர் கிடைக்கும். 1 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழமுள்ள குழியில் கல் நிரப்பினால், இடைவெளி நூற்றுக்கு 40 பங்கு என்று கொண்டாலும் 600 லிட்டர்தான் பிடிக்கும். மணலில் அடிப்பரப்பின் வழியாக மட்டும் அது இறங்க 20 மணி நேரம் போதும். களிமண்ணிலோ, மணிக்கு 5 மி.மீ. என்றாலும் 120 மணி நேரம், அதாவது 5 நாள் ஆகும். பக்கங்களிலும் கொஞ்சம் கசியும். எனினும் வேறுபாடு வேறுபாடே. வடகிழக்குப் பருவத்தில் அடுத்த மழை 5 நாள் காத்திருக்குமா?

நம் முன்னோர் இதை அறிந்திருந்தனர். ஊருணியில் நீர் தங்க வேண்டும். ஆகவே அடியில் களி இருப்பது நன்மை. மழைநீர்க் குழியில் நீர் தங்கக் கூடாது. ஆகவே அதே களி தீமை. நோக்கம் மாறினால் மண்ணின் குணமும் குற்றமாகிறது. இந்த அறிவை நாம் குழிக்குக் கொண்டுவரவில்லை என்பதே என் குறை.

அப்படியானால் என்ன செய்வது? மணற்பாங்கான இடத்தில் ஆழமில்லாத குழி போதும். மேலே களி, அடியில் மணலோ சிதைந்த பாறையோ இருந்தால், களியைக் கடந்து செல்லும் ஆழமான துளை வேண்டும். கெட்டிப் பாறைப் பகுதியில் பழைய திறந்த கிணறே நல்ல வழி. அதன் பக்கங்களில் வெடிப்புகள் ஏற்கெனவே திறந்துள்ளன. ஆனால் எச்சரிக்கை! வெடிப்பு நீரை வடிகட்டாது. அழுக்கு நீரை நேரே விட்டால் அழுக்கே குடிநீராகும். முதல் மழையை வெளியே விட்டு, பின்வருவதை மணல் வடிகட்டியில் செலுத்த வேண்டும். எந்த மண்ணானாலும் தூசியும் சேறும் மேலே படிந்து துளைகளை அடைக்கும். ஆண்டுதோறும் மேல்மணலை அள்ளிக் கழுவாத குழி, நல்ல மண்ணிலும் செத்த குழியே.

மாணவர்களே, இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். ஈர மண்ணைக் கையில் உருட்டி வளையமாக்குங்கள். உடையாமல் வளைந்தால் களி மிகுதி, உதிர்ந்தால் மணல். பிறகு பெரியவர் ஒருவர் துணையோடு, குழி வெட்ட நினைக்கும் இடத்தில் 2 அடி ஆழத்தில் சிறு பள்ளம் தோண்டி நீர் நிரப்புங்கள். ஓர் இரவு ஊறவிட்டு, மீண்டும் நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எத்தனை மி.மீ. இறங்குகிறது என்று அளவுகோலால் அளந்து எழுதுங்கள். மேல்மண்ணின் குணம் தெரிந்துவிடும். அடியில் என்ன இருக்கிறது என்பதை அக்கம்பக்கத்தில் கிணறு வெட்டியவர்களிடம் கேளுங்கள்.

புதுக்கோட்டை 2024-இல் மாநகராட்சியாயிற்று. இனிக் கட்டடங்களும் பெருகும், குழிகளும் பெருகும். குழி இருக்கிறதா என்று எண்ணுவது எளிது. நீர் இறங்கியதா என்று அளப்பதே அறிவியல். தெருவுக்குத் தெரு மண்ணை அளந்து ஒரு வரைபடம் செய்து, அதன்படி அமைப்பைச் சொல்லட்டும் நம் ஊராட்சிகளும் நகராட்சிகளும். அந்த வரைபடத்தின் முதற்புள்ளியை உங்கள் பள்ளி முற்றத்திலேயே நீங்கள் குறிக்கலாம்.