முதல் நாவலும் முரசறைதலும்

நூல் எழுதுவது ஒரு தொழில். எழுதியதை அச்சிடுவது வேறொரு தொழில். அச்சிட்டதை மக்கள் கையிற் சேர்ப்பது மூன்றாவது தொழில். இம்மூன்றையும் ஒருவரே தலைமேற் கொள்ள நேர்வது மலேசிய, சிங்கைத் தமிழ் எழுத்தாளர் பலருக்கு வாய்த்த தலைவிதி போலும். நாவலை எழுதி முடித்தவர் தம் சேமிப்பிலிருந்து பணம் எடுத்து அச்சகத்திற்குக் கொடுக்கிறார். 500 படிகள் கட்டுக்கட்டாக வீட்டு வாசலில் வந்து இறங்குகின்றன. மூன்றாவது தொழில் தமக்குத் தெரியாது என்பது அன்றுதான் அவருக்குத் தெரிய வருகிறது.

அந்த மூன்றாவது தொழிலைப் பற்றியே ஈண்டு ஆராயப் புகுகின்றேன். முதல் நாவலைத் தாமே வெளியிட்ட ஒருவர் அதனைத் தாமே எடுத்துப் பேசலாமா? பேசலாம் எனின், எவ்வளவு பேசலாம்? யார் வாயாற் பேசலாம்? ‘பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு?’ என்று கேட்போர் நம் ஆசிரியர்களிடையே உண்டு. பூவுக்கு மணம் உண்டு. அட்டைபோட்ட புத்தகத்திற்கு அச்சு மையின் மணம் ஒன்றே உண்டு. வாசலைக் கடந்து போகிறவருக்கு அது எட்டாது.

பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்திலேயே இதற்கு விடை வைத்திருக்கிறார். உலகில் இல்லாத நூலைத் தோற்றுவித்து, பல துறைகளையும் முடித்துக் காட்டிய புலவனே ஆயினும், தன்னைத் தான் புகழ்தல் தகாது என்பது அவர் வகுத்த பொது விதி. நம்மவரிற் பலர் இவ்விதியோடு ஏட்டை மூடிவிடுகின்றனர். அடுத்த நூற்பாவையும் படித்தல் வேண்டும். அங்கே நான்கு இடங்களில் தற்புகழ்ச்சியை அவரே ஒப்புகின்றார்: அரசவைக்கு ஓலை விடுக்கும்போது, தன் ஆற்றலை அறியாதாரிடையே நிற்கும்போது, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோது, எதிரி தன்னைப் பழித்தபோது. இவற்றுள் இரண்டாவதைக் கவனியுங்கள். முதல் நாவலாசிரியன் நிற்கும் இடம் அதுவேயன்றோ? அவன் ஆற்றலை அறிந்தவர் அவன் வீட்டாரைத் தவிர வேறு யார்? சில வேளைகளில் வீட்டாரும் அறியார். ஆகவே இலக்கணம் அவனுக்கு வாய்ப்பூட்டு இடவில்லை. ஆயின் அந்தச் சலுகை அவன் தன் வாயால், தன் பெயரால் பேசுவதற்கு மட்டுமே என்பது என் கருத்து. இதனை ஓர் உண்மை வரலாற்றைக் கொண்டு விளக்க முயல்கிறேன்.

1893ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் ஸ்டீவன் கிரேன் என்னும் இளைஞர் தம் முதல் நாவலை வெளியிட்டார். அப்பொழுது அவருக்கு வயது 21. நாவலின் பெயர் ‘மேகி’. செஞ்சுரி என்ற புகழ்பெற்ற இதழின் ஆசிரியர் கில்டர் கையெழுத்துப் படியைப் பார்த்து, இது மிகக் கொடுமையாக இருக்கிறதென்று கூறித் திருப்பிவிட்டார். எந்தப் பதிப்பகமும் ஏற்கவில்லை. கிரேன் தம் கைப்பணம் 869 டாலரைக் கொடுத்து 1,100 படிகள் அச்சிடச் செய்தார். மஞ்சள் நிறக் காகித அட்டை. விலை 50 காசு. அட்டையில் அவர் பெயர் இல்லை; ‘ஜான்ஸ்டன் ஸ்மித்’ என்ற புனைபெயரே இருந்தது. அச்சிட்டவர்களும் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. பெற்ற தந்தையும் மருத்துவச்சியும் பெயர் சொல்ல மறுத்த குழந்தை என்று இதனைச் சொல்லலாம்.

கதை எளிது. பவரி என்னும் பகுதியின் இருண்ட சந்தொன்றில், குடியும் அடியும் நிறைந்த வீட்டில் மேகி வளர்கிறாள். சட்டையின் கழுத்துப்பட்டையும் கைப்பட்டையும் செய்யும் தொழிற்கூடத்தில் வேலைக்குப் போகிறாள். மதுக்கடையில் வேலை செய்யும் பீட் என்பவன் மினுக்கான உடையுடன் வந்து நிற்க, அவனைப் பெருமகனாக எண்ணி நம்பிச் செல்கிறாள். அவன் கைவிடுகிறான். தாயும் தமையனும் வீட்டில் இடம் தர மறுக்கின்றனர். ஓர் இரவு ஆற்றங்கரை இருளில் அவள் கதை முடிகிறது. வாழ்நாளெல்லாம் குடித்துக் கிடந்த தாய், மகளை மன்னிப்பதாகக் கதறி அழுகிறாள். யார் யாரை மன்னிப்பது? ஆசிரியர் அதைக் கேட்கவில்லை; நாம் கேட்கும்படி விட்டுவிட்டார். ஒழுக்க உபதேசம் ஒரு வரியும் இல்லை. கெட்ட பெண் திருந்துவாள், அல்லது தண்டனை பெற்று நமக்குப் பாடமாவாள் என்று எதிர்பார்த்த அக்கால வாசகர்க்கு இந்த மௌனமே பொறுக்கவில்லை. பேச்சுமொழியை அளவு மீறிப் பெய்திருக்கிறார் என்பதும், மேகியின் உள்ளத்தினுள் நம்மை நெடுநேரம் இருக்க விடுவதில்லை என்பதும் நான் காணும் குறைகள். எனினும் 21 வயதில் எழுதியது என்று நினைக்கும்போது வியப்பே மிஞ்சுகிறது.

புத்தகம் விற்கவில்லை. பிரெண்டானோ என்னும் பெரிய கடை 12 படிகளை எடுத்து, 10 படிகளைத் திருப்பி அனுப்பியது. அப்பொழுது கிரேன் செய்த ஒரு தந்திரத்தை அவர் வரலாறு எழுதியோர் சுவையாகக் கூறுவர். நான்கு பேரைக் கூலிக்கு அமர்த்தி, நகரத்துத் தூண்களின் மேல் ஓடும் ரயிலில் நாள் முழுதும் உட்கார்ந்து, எல்லாரும் பார்க்கும்படி ‘மேகி’யைப் படிக்கச் செய்தாராம். ஊரே இந்தப் புத்தகத்தைத்தான் படிக்கிறது என்று பயணிகள் எண்ண வேண்டும் என்பது திட்டம். பயணிகள் வீடு போய்ச் சேர்ந்தனர். புத்தகம் அறையிலேயே இருந்தது.

சிரிக்க வேண்டாம். நூலைக் கையில் ஏந்திப் படம் எடுத்து முகநூலில் இடச்செய்வதும், புலனத்தில் நூறு குழுக்களுக்கு அட்டைப்படம் அனுப்புவதும் அதே ரயிலின் இன்றைய பெட்டிகள்தாம். புத்தகம் ஒருவர் கையில் இருக்கிறது என்ற செய்தியைத் தவிர, அந்தப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்ற செய்தி அவற்றுள் இல்லை.

ஆனால் கிரேன் வேறொன்றும் செய்தார். தாம் மதித்த சிலருக்குப் படிகளை அனுப்பி, ஒவ்வொன்றிலும் தம் கையாலேயே சில வரிகள் எழுதினார். இந்நூல் உங்களை அதிர்ச்சியுறச் செய்யும். ஆயினும் துணிவோடு இறுதிவரை படியுங்கள். சூழ்நிலை என்பது மாபெரும் ஆற்றல், அது மனித வாழ்வைத் தன் விருப்பப்படி உருவாக்கிவிடுகிறது என்று காட்ட முயன்றிருக்கிறேன் என்பது அவ்வரிகளின் கருத்து. சிறப்புப் பாயிரத்தில் இடம்பெற வேண்டியவை என்று நன்னூலார் கூறும் எட்டனுள், நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் மூன்றும் இச்சில வரிகளில் அடங்கியிருத்தலைக் காண்க. நூல் எதைப் பற்றியது, யார் படிக்கத் தக்கது, படித்தால் என்ன விளங்கும் என்று சொல்லிவிட்டார். ‘நான் பெரிய எழுத்தாளன்’ என்று சொல்லவில்லை.

பலித்தது இதுவே. ஹாம்லின் கார்லண்ட் என்னும் எழுத்தாளர் படித்தார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அரீனா இதழில் மதிப்புரை எழுதினார். அவர் வழியாக, அந்நாளைய அமெரிக்கத் திறனாய்வாளருள் தலைசிறந்தவரான ஹவல்ஸ் படித்தார். இளைஞரை அழைத்துப் பேசினார். கூலிக்குப் படித்த நால்வரால் ஆகாதது, மனம் வைத்துப் படித்த இருவரால் ஆயிற்று. ஆயின் விற்பனை அப்பொழுதும் கூடவில்லை என்பதையும் மறைக்கலாகாது. 1895இல் போர்க்களத்தைப் பற்றிய அவருடைய அடுத்த நாவல் பெரும்புகழ் பெற்றது. அதன் பின்னரே, 1896இல், ஆப்பிள்டன் பதிப்பகத்தார் ‘மேகி’யை அவர் சொந்தப் பெயரோடு வெளியிட்டனர். முதல் நூலுக்குச் சிறந்த விளம்பரம் இரண்டாம் நூல்.

அந்த 1896ஆம் பதிப்பில் வசைச் சொற்கள் பல வெட்டப்பட்டன. மேகியின் கடைசி இரவைக் கூறும் அதிகாரத்தில் ஒரு பகுதியே நீக்கப்பட்டது. பிற்காலத்து ஆய்வாளர் பலர் மஞ்சள் அட்டைப் பதிப்பையே தேடிச் சென்றனர். சொந்தச் செலவில் அச்சிட்டவனுக்கு நட்டம் உண்டு. ஆனால் அவன் எழுதியது அவன் எழுதியபடியே நின்றது. இந்த ஒரு நன்மைக்காகவேனும் சொந்தப் பதிப்பை நான் இழிவாக எண்ணுவதில்லை.

இதற்கு மாறாக நடந்துகொண்டவர் கவிஞர் வால்ட் விட்மன். அவர் நாவலாசிரியர் அல்லர் எனினும், நம் ஆராய்ச்சிக்கு வேண்டியவர். 1855இல் ‘புல்லின் இதழ்கள்’ என்னும் கவிதை நூலைத் தாமே வெளியிட்டார். பிறகு, பெயர் போடாமல் தம் நூலுக்குத் தாமே மூன்று இதழ்களில் புகழ்ந்து மதிப்புரை எழுதினார். அறிஞர் எமர்சன் பாராட்டி எழுதிய தனிக் கடிதத்தை, அவர் இசைவு பெறாமலே செய்தித்தாளில் வெளியிட்டார். அதன் வாசகம் ஒன்றை அடுத்த ஆண்டுப் பதிப்பின் முதுகில் பொன்னெழுத்திற் பொறித்தார். விட்மன் பெருங்கவிஞர், ஐயமில்லை. அதனால் இச்செயல் சரியாகிவிடாது. அறியாதாரிடையே தன் ஆற்றலைத் தான் கூறலாம் என்றுதான் முனிவர் இடம் தந்தார். வேறொருவன் போல முகமூடி அணிந்து கூறலாம் என்று இடம் தரவில்லை. சிறப்புப் பாயிரம் செய்வதற்கு உரியோர் என்று தன் ஆசிரியன், தன்னோடு கற்றோன், தன் மாணாக்கன், தகும் உரைகாரன் ஆகியோரை அவர் எண்ணிச் சொன்னதன் நோக்கம் என்ன? நூலையும் நூலாசிரியனையும் அறிந்தவன் சொல்ல வேண்டும். சொல்பவன் இன்னான் என்று கேட்பவனுக்குத் தெரியவும் வேண்டும்.

‘மேகி’ வெளிவந்த அதே 1893இல் தமிழகத்தில், கிரேனைவிடச் சில மாதமே இளையவரான ராஜம் ஐயர் தம் ‘கமலாம்பாள் சரித்திர’த்தை விவேக சிந்தாமணி இதழில் தொடங்கினார். அது 1895 வரை தொடர்ந்து, 1896இல் நூலாயிற்று. இருவருமே முப்பது வயதைக் காணாமல் மறைந்தனர். ராஜம் ஐயருக்கு நூல் வருமுன்பே வாசகர் இருந்தனர். கிரேனுக்கு நூல் வந்த பின்பும் இல்லை. மாதம் தவறாமல் வாசகர் வீட்டுக்குச் செல்லும் ஓர் இதழ் இடையில் நின்றதே வேறுபாடு. நம் நாட்டிலும் 1950இல் தமிழ் நேசன் கதை வகுப்பு நடத்தி எழுதுவோரையும் படிப்போரையும் ஒருங்கே ஆக்க முயன்றது. அந்த நாளிதழ் 2019இல் நின்றுபோயிற்று. வாசகரை முன்கூட்டியே சேர்த்துத் தரும் இடங்கள் குறையக் குறைய, எழுத்தாளனே முரசும் அறைய வேண்டியதாகிறது. பாரதியார்கூட 1920இல் கடையத்திலிருந்து, தம் எழுத்துகளை 40 நூல்களாக, நூலுக்குப் 10,000 படிகள் அச்சிடப் போவதாகச் சொல்லிப் பொருளுதவி கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். மண்ணெண்ணெய், தீப்பெட்டி போல விற்றுவிடும் என்று நம்பினார். உதவி வரவில்லை, அடுத்த ஆண்டே மறைந்தார்.

இனி நம் வெளியீட்டு விழாக்கள். முதற்படி பெறுபவர் ஒருவர், சிறப்புப் படி பெறுவோர் சிலர், உறையில் வைத்து அன்பளிப்பு, மாலை, பொன்னாடை, சிற்றுண்டி. இதனைக் குறை கூற மனம் வரவில்லை. அச்சகத்தின் கடனை அடைப்பது பெரும்பாலும் அந்த உறைகளே. குறை அங்கே படித்தவர் இல்லாமையே. பேசுவோர் ஐவரில் நாவலை முழுதும் படித்தவர் ஒருவர் இருந்தால் அது நல்ல விழா.

இதைச் சொல்ல எனக்கு உரிமை குறைவு. சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர், ஓய்வு பெற்ற ஆசிரியர், தம் முதல் நாவலுக்கு என்னிடம் அணிந்துரை கேட்டார். நான்கு அதிகாரம் படித்தேன். அணிந்துரை மூன்று பக்கம் எழுதினேன். ‘மண்ணின் மணம்’, ‘பாத்திரப் படைப்பு’, ‘தமிழன்னைக்கு மற்றோர் அணிகலன்’ முதலிய சொற்களெல்லாம் அதில் இருந்தன. எந்த நாவலுக்கும் பொருந்தும் அணிந்துரை அது. விழாவில் அதையே பேசினேன். கைதட்டினார்கள். இறங்கி வந்ததும் அவர் மெல்ல அருகில் வந்து, “ஐயா, கடைசியில் அவள் மறுபடியும் தோட்டத்துக்கே திரும்பி வருவது பொருத்தமாக இருக்கிறதா? எனக்கு அதில்தான் சந்தேகம்” என்று கேட்டார். அவள் தோட்டத்தை விட்டுப் போனதே எனக்குத் தெரியாது. “நன்றாக இருக்கிறது” என்றேன். அவர் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, விருந்தினரை உபசரிக்கப் போய்விட்டார்.

விட்மன் தமக்குத் தாமே முகமூடியானார். நான் என் மாணவருக்கு முகமூடியானேன். அவராவது தம் நூலை முழுதும் படித்திருந்தார்.

சென்ற மாதம் அந்த நாவலை எடுத்து, இரண்டு இரவுகளில் படித்து முடித்தேன். அவள் திரும்பி வருவது பொருந்தவில்லை. நகரத்துத் தொழிற்சாலையில் அவள் பட்ட அவமானத்தை அத்தனை அழுத்தமாக எழுதிவிட்டு, துண்டாடி விற்கப்பட்ட தோட்டத்தில் அவளுக்கு அமைதி கிடைத்ததாக முடிப்பது ஆசிரியரின் ஆசையே தவிரக் கதையின் போக்கு அன்று. ஆனால் ஏழாம் அதிகாரத்தில், லயத்து வீட்டைக் காலி செய்யும் நாளில், கிழவி அடுப்புக் கல்லை மட்டும் சாக்கில் கட்டிக்கொள்ளும் இடம் இருக்கிறதே, அதைப் படித்தபின் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்தேன். இவ்விரண்டையும் தொலைபேசியில் சொன்னேன். முடிவைப் பற்றி அரை மணி நேரம் என்னோடு வாதாடினார், விட்டுக்கொடுக்கவில்லை. இன்னும் 300 படிகள் வீட்டில் இருப்பதாகவும், அவற்றுடன் வைத்து அனுப்பச் சிறு தாள் ஒன்று எழுதிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். அதில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். தோட்டம் விற்கப்பட்ட பின் அங்கிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று அறிய விரும்புவோருக்கான கதை இது என்று எழுதியிருக்கிறாராம். என் அணிந்துரையை அடுத்த அச்சில் எடுத்துவிடுமாறு கேட்டுக்கொண்டேன். “முதலில் இந்த 300 போகட்டும் ஐயா” என்றார்.