சுவரேறிய சுருள்

சீனச் சுருள் ஓவியத்தை மொத்தமாக விரித்துப் பார்ப்பது வழக்கமில்லை. இடக்கை அவிழ்க்க, வலக்கை சுருட்ட, நடுவே தெரிகிற மட்டும்தான் பார்வைக்கு. வங்காள ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜிக்கு இந்த முறை பிடித்துப்போனதில் வியப்பில்லை. பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை கிடையாது. மற்றதில் கடுமையான கிட்டப்பார்வை.

அவருடைய ஆசிரியர் நந்தலால் போஸ் 1924இல் தாகூருடன் சீனா போய்வந்தார். அதே ஆண்டு, இருபது வயதில், சாந்திநிகேதனை 44 அடிக்கு மேல் நீளும் சுருளில் வரைந்தார் பினோத் பிஹாரி. சீன மலையும் மூங்கிலும் அவர் சுருள்களில் குடியேறவில்லை. சாந்திநிகேதனைச் சுற்றியுள்ள வீர்பூமின் பனையும் மழை அரித்த செம்மண் பள்ளங்களுமே அவர் பொருள். சீனத்திலிருந்து வந்தது வெற்றுத்தாளை நம்பும் துணிச்சல். ஈரம் வற்றிய தூரிகையை இழுத்துவிட்டு, கோடு திக்கித் தேய்கிற இடத்தில் அப்படியே விட்டுவிடுவார். மிச்ச நிலத்தை நம் கண் போட்டுக்கொள்ளும்.

டெல்லியில், எங்கள் ஜனக்புரி மேற்கில் மெட்ரோ ஏறினால் வண்டி வெகுதூரம் பாலத்தின் மேலேயே போகும். மொட்டை மாடி, துணிக்கொடி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஜன்னலில் வந்து வந்து நழுவும். சுருள் பார்க்க எங்கள் பேட்டைக்காரர்களுக்கு வேறு பயிற்சி வேண்டாம். மண்டி ஹவுஸில் வண்டி மாறி, இந்தியா கேட் அருகே தேசிய நவீனக் கலைக்கூடத்துக்குப் போய்விடலாம். பினோத் பிஹாரியின் நூற்றாண்டுக் கண்காட்சி நடந்த இடம். சுருளை நீளமாக விரித்துக் கண்ணாடிக்குள் வைப்பதில் மட்டும் எனக்கு மனம் ஒப்புவதில்லை. பாதுகாப்புக்கு வேறு வழியில்லைதான். ஆனால் முடிவு முதலிலேயே தெரிந்துவிடுகிறதே!

சுருள் சுவரேறியது 1946–47இல். சாந்திநிகேதன் ஹிந்தி பவனில், மூன்று சுவர்களில், இடைக்கால பக்தர்கள். முழு அளவு மாதிரி எதுவும் போட்டுக்கொள்ளாமல் ஈரச் சுண்ணாம்பில் நேரடியாக வரைந்தார். நம் ராமானுஜர், கபீர், சூர்தாஸ், துளசிதாஸ் என்று நெட்டையான ஞானிகள். அவர்களைச் சுற்றி ஓடும் ஜனத்திரள். நின்று பார்த்தால் பாதிதான் கிடைக்கும், சுவரோடு நடக்க வேண்டும். எல்லாவற்றையும் சீனக் கணக்கில் எழுதுவது அநியாயம். ஜப்பானுக்கும் இத்தாலியச் சுவரோவியத்துக்கும் பங்குண்டு. அந்த நடை மட்டும் சுருளுடையது.

1957இல் பார்வை முழுக்கப் போன பிறகும் காகிதம் வெட்டி ஒட்டினார். சாந்திநிகேதனின் கலைப்பள்ளியான கலா பவனில் ஓடு பதித்த சுவரோவியம் ஒன்றும் அமைத்தார். அந்தக் கைகள் வேலை செய்வதை, அவரிடம் படித்த சத்யஜித் ராய் 1972இல் எடுத்த ‘தி இன்னர் ஐ’யில் பார்க்கலாம். சின்னப் படம்தான், தேடிப் பாருங்கள்.