அழுகையும் பெருமிதமும்: இரு தொடர்களைப் பற்றி

பள்ளி ஓய்வறையிலும் திருமண மண்டபத்திலும் நம்மவர் இருவர் சந்தித்தால், நலம் உசாவிய பின் தவறாது எழும் வினா ஒன்றுண்டு. "இப்பொழுது என்ன தொடர் பார்க்கிறீர்கள்?" என்பதே அது. விடை கூறுவோர் "நன்றாயிருக்கிறது, பாருங்கள்" என்பதோடு அமைவர். அன்றேல் "வெறும் அழுகை, வேண்டா" என்று கைவிரிப்பர். ஏன் நன்று, எவ்வகையில் நன்றன்று என்று எவரும் கேட்பதுமில்லை, கூறுவதுமில்லை. வெண்பாவில் தளை தட்டினால் நொடிப்பொழுதிற் கண்டுபிடிக்கும் நம் ஆசிரியப் பெருமக்களிடம், நாள்தோறும் தம் இல்லத்துக் கூடத்தில் அரைமணி நேரம் நிகழும் ஒரு கலைக்கு அளவுகோல் இல்லை என்பது வியப்பன்றோ? 1963 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சிங்கப்பூரிலும், அவ்வாண்டு டிசம்பர்த் திங்களில் மலேசியாவிலும் தொலைக்காட்சி தொடங்கிற்று. அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்னும் நாம் "பாருங்கள்", "வேண்டா" என்ற இரு சொற்களோடு நிற்கிறோம்.

நானும் அவ்வாறே நின்றவன்தான். என்னை அந்நிலையிலிருந்து அசைத்தவர் என் தமக்கையார். அவர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர். அம்மாவும் அப்பாவும் விடியுமுன் பால்மரம் வெட்டச் சென்றுவிட, இளைய பிள்ளைகள் மூவரையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. அம்மூவரில் ஒருவன் நான். அவர் இடுப்பில் இருந்து வளர்ந்த நான் ஆசிரியனானேன். அவர் எட்டு மணி ஆனால் தொடர் பார்ப்பவரானார். "எதிர்நீச்சல்" அவருக்கு உயிர். நானோ, படித்தவனுக்கே உரிய பெருமையோடு, "அக்கா, இதை விடுங்கள், 'அயலி' பாருங்கள்" என்றேன். அப்பரிந்துரையிலிருந்து கிளைத்ததே இக்கட்டுரை.

இரு தொடர்களும் ஒரே பொருளைப் பற்றியன என்பதை முதலில் உணர வேண்டும். பெண் கற்பதும், கற்ற பின் அக்கல்வி என்னாகிறது என்பதுமே அப்பொருள். முத்துக்குமார் இயக்கிய "அயலி" 2023 ஆம் ஆண்டு ஜனவரி 26 ஆம் நாள் ஜீ5 இணையத் தளத்தில் எட்டுப் பகுதிகளாக வெளிவந்தது. களம் புதுக்கோட்டைப் பகுதியில் வீரப்பண்ணை என்னும் கற்பனைச் சிற்றூர், காலம் 1990. பெண்பிள்ளை பூப்பெய்தினால் பள்ளி முடிந்தது, மணமேடை காத்திருக்கிறது. மீறினால் ஊர்த் தெய்வமாகிய அயலி சினங்கொள்வாள் என்பது அவ்வூர்க் கட்டு. மருத்துவராக விழையும் தமிழ்ச்செல்வி என்னும் பள்ளிச் சிறுமி, தான் பூப்பெய்தியதை மறைத்துப் பள்ளிக்குச் செல்கிறாள். கதையின் முடிச்சு இவ்வளவே. துப்பறியும் வேலையில்லை, வெட்டுக்குத்து இல்லை. ஒரு சிறுமியின் பாவாடையில் கறை தெரிந்துவிடுமோ என்னும் ஓர் அச்சமே பார்ப்போரை நாற்காலியின் விளிம்பில் இருத்துகிறது. அபி நட்சத்திரா தமிழ்ச்செல்வியாகவும், அனுமோள் தாய் குருவம்மாளாகவும் நடித்துள்ளனர்.

"எதிர்நீச்சல்" சன் தொலைக்காட்சியில் 2022 ஆம் ஆண்டு பிப்ரவரி 7 ஆம் நாள் தொடங்கி 2024 ஜூன் 8 வரை நடந்தது. "கோலங்கள்" தந்த திருச்செல்வமே இதனையும் இயக்கினார். (பெயர் பழையது, கே. பாலசந்தர் 1968 இல் எடுத்த திரைப்படத்தின் பெயரும் இதுவே. நம் தொடர்க்காரர்களுக்குக் கதைப் பஞ்சத்தினும் பெயர்ப் பஞ்சம் பெரிது போலும்.) இங்கே பெண்கள் முன்னரே படித்துவிட்டனர். படித்தவர்களை மருமகளிராகக் கொணர்ந்து அடுக்களையில் அடைத்து வைப்பதையே தன் ஆண்மைக்குச் சான்றாகக் கொண்ட ஆதிமுத்து குணசேகரனின் வீடுதான் களம். ஈசுவரி, ரேணுகா, நந்தினி என்போர் அங்கே அடங்கிக் கிடக்க, இளையவளாக வந்த ஜனனி எதிர்த்து நிற்கிறாள்.

இவ்விரண்டையும் எதைக்கொண்டு அளப்பது? மேலைநாட்டார் திறனாய்வு நூல்களைத் தேடிப் போக வேண்டா. தொல்காப்பியனார் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடு கூறி, ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களிற் பிறக்கும் என்று வகுத்துள்ளார். தேர்வுக்கு மனப்பாடம் செய்வித்து நாம் மறந்துவிட்ட பகுதி அது. அழுகைக்கு அவர் கூறும் களன்களுள் இளிவும் இழவும் வறுமையும் எளிதில் விளங்குவன. எஞ்சிய "அசைவு" என்பதைத்தான் மாணவர் விளங்காமல் விழிப்பர். முன்னிருந்த நல்ல நிலை கெட்டு வேறாகி வருந்துதல் என உரை வழி அதற்குப் பொருள் கொள்வோம். இதனை விளக்க நான் பல்லாண்டு எடுத்துக்காட்டுத் தேடியதுண்டு. குணசேகரன் வீட்டு மருமகளிர் அச்சொல்லுக்கு உயிருள்ள உரையாக நிற்கின்றனர். அவர்கள் வறியரல்லர், எவரையும் சாவுக்குக் கொடுத்தவருமல்லர். ஒருகால் தம் திறனால் நிமிர்ந்து நின்றவர், இன்று எண்ணெய்ச் சட்டியின் முன் குனிந்து நிற்கின்றனர். அத்தொடரின் முதற்பகுதிகளில் தோன்றிய அழுகை இவ்வாறு உயர்ந்த வகை அழுகை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். கிளிசரின் கண்ணீர் என்று ஒதுக்கியது என் பிழை.

அவ்வழுகை நாளடைவில் என்னாயிற்று? அங்குதான் வழக்கு இருக்கிறது.

நாள்தொடரின் யாப்பு கொடியது. இன்று விலங்கு அறுந்தால் நாளைக்குக் கதை இல்லை. ஆகவே மாலையில் ஜனனி ஒரு கதவைத் திறந்தால் மறுநாள் குணசேகரன் அதனை மூடியாக வேண்டும். திறப்பதும் மூடுவதுமாக ஈராண்டுக்கு மேல் சென்றால், பார்ப்பவர் நெஞ்சில் துயரத்திற்குப் பதில் பழக்கம் குடியேறும். மேலும் ஒரு விபரீதம் நிகழ்ந்தது. குணசேகரனாக நடித்த மாரிமுத்து தேர்ந்த கலைஞர். தென்மாவட்டப் பேச்சின் ஏற்ற இறக்கம் அத்தனையும் அவர் நாவில் விளையாடிற்று. அவர் "இந்தாம்மா" என்று அதட்டுவதைச் சிறுபிள்ளைகளும் சொல்லித் திரிந்தனர். பெண்ணை அடக்குபவனைக் கண்டு பிறக்க வேண்டியது வெகுளி. குடிகோளும் அலையும் வெகுளியின் களன்கள் என்றல்லவா தொல்காப்பியம் கூறும்? நம் இல்லங்களிற் பிறந்ததோ நகை. அடக்குபவனோடு சேர்ந்து நாமும் சிரித்தோம். 2023 செப்டம்பர் 8 ஆம் நாள், அத்தொடருக்குக் குரல் கொடுக்கச் சென்ற இடத்தில் நெஞ்சுவலி கண்டு மாரிமுத்து மறைந்தார். அவர் இடத்திற்கு எழுத்தாளரும் நடிகருமாகிய வேல ராமமூர்த்தி வந்தார். அப்பொழுது எத்தனை வீடுகளில் "அவர் இல்லாமல் தொடர் நன்றாயில்லை" என்றனர்! நடிகருக்கு அது புகழ்மாலை; ஐயமில்லை. பெண்ணின் விடுதலையைக் கூற வந்த கதை, கொடியவன் இல்லாமல் நடக்க மாட்டாது போயிற்று என்பது கதைக்குப் புகழன்று.

"அயலி"யின் சுவை வேறு. பெருமிதம் பிறக்கும் களன்கள் நான்கனுள் தறுகண், புகழ், கொடை ஆகியவற்றோடு கல்வியையும் ஆசிரியர் வைத்தார். வாளேந்தியவன் பெருமிதத்தை நம் திரைப்படங்கள் அலுக்க அலுக்கக் காட்டிவிட்டன. புத்தகப்பை தூக்கியவளின் பெருமிதத்தைக் காட்டியவை மிகச் சில. தமிழ்ச்செல்வி அழவேண்டிய இடங்கள் பல உண்டு. ஆனால் நம் நெஞ்சில் நிற்பது அவள் நடை. குருவம்மாள் அவளினும் ஒரு படி மேல். மகளின் மறைவை அறிந்த தாய், ஊரையும் தெய்வத்தையும் அஞ்சி வளர்ந்தவள், அவ்வச்சத்தை உதறாமலே மகள் பக்கம் நிற்கிறாள். அஞ்சாதவள் துணிவதில் என்ன இருக்கிறது? அச்சம் கண்ணில் இருக்கும்போதே கால் முன்னே செல்வதை அனுமோள் நடித்துக் காட்டியதை நான் இருமுறை பார்த்தேன்.

குறை இல்லாமலில்லை. இடையிடையே கதைமாந்தர் மேடைப் பேச்சாளராகிவிடுகின்றனர். காட்சியே உணர்த்திவிட்டதை வாயாலும் சொல்லிவிடும் ஆசை இயக்குநரை விடவில்லை. தலைமுறை தலைமுறையாக இறுகிய பூட்டு முடிவுப் பகுதியில் சற்று விரைவாகவே திறந்துகொள்கிறது என்பதும் என் எண்ணம். சிறுமியின் அச்சத்தைக் காட்டியபோது இருந்த பொறுமை அங்கே இல்லை.

இடையில் ஒரு சொல். "அப்படியானால் 'சுழல்' எப்படி?" என்று நண்பர் கேட்பர். புஷ்கர், காயத்ரி இணையர் உருவாக்கி 2022 ஜூன் 17 இல் அமேசான் பிரைமில் வந்த அத்தொடரைப் பெரியோர் பார்க்கலாம். மயானக்கொள்ளைத் திருவிழாவைக் கதையின் நாள்காட்டியாகவே அமைத்த திறம் பாராட்டத்தக்கது. ஆலைத் தொழிலாளர் போராட்டமோ தொடக்கத்தில் நெருப்பாக எழுந்து, பின்னர் வெறும் பின்திரையாகச் சுருங்கிவிட்டது. சிறார்மீது நிகழும் பாலியல் கொடுமை அதன் உள்ளீடாதலின் மாணவர்க்கு வகுப்பில் காட்டத்தக்கதன்று. "அயலி"யை இடைநிலைப் பள்ளி மேல்வகுப்பு மாணவர்க்கு ஆசிரியர் உடனிருந்து காட்டலாம். ஆண் மாணவரையும் சேர்த்தே உட்கார வையுங்கள்.

மீண்டும் என் தமக்கையாரிடம் வருகிறேன். இரண்டு மாலைப்பொழுதுகளில் "அயலி" முழுவதையும் அவரோடு அமர்ந்து பார்த்தேன். தாயும் மகளும் தனித்திருக்கும் காட்சிகளில் அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு வெற்றிதான் என்றெண்ணினேன். முடிந்ததும், "எப்படி அக்கா?" என்று கேட்டேன்.

"நல்லா எடுத்திருக்காங்க தம்பி. அந்தப் பிள்ளைக்கு வழி பொறந்திருச்சு," என்றார். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "வழி பொறக்காதவங்க கதைய யாரு தினமும் சொல்லுவா?" என்றார்.

எனக்கு மறுமொழி தோன்றவில்லை. நாள்தொடரில் நான் குற்றமாகக் கண்ட ஒன்றை, விலங்கு அறாமல் நாளைக்கும் நீள்வதை, அவர் உண்மையாகக் கண்டிருக்கிறார். ஆறாம் வகுப்போடு நின்றவருக்கு எட்டாம் பகுதியில் முடிவு வரவில்லை. காலையில் எழுந்தால் அதே அடுக்களை, அதே வீடு, வீட்டில் ஓர் அதட்டும் குரல். அதனையே ஒருவர் நாள்தோறும் வந்து காட்டினால், "நீ மட்டுமில்லை" என்று சொல்வதுபோல் அவருக்குத் தோன்றியிருக்கும். பெருமிதச் சுவையை உயர்த்தி அழுகைச் சுவையைத் தாழ்த்தும் உரிமை எனக்கு யார் தந்தது? அவர் நிறுத்திய படிப்பைத் தொடர்ந்தவன் நான். பெருமிதம் எனக்கு மலிவாகக் கிடைத்தது.

இதனால் என் கருத்தை முழுதும் மாற்றிக்கொண்டேன் என்று நினையற்க. கொடியவனோடு சேர்ந்து சிரிக்க வைத்த குற்றம் குற்றமே. அதனை அக்காவிடமும் கூறினேன். "நான் சிரிக்கல தம்பி. நீங்கதான் சிரிச்சிருப்பீங்க," என்றார்.

2024 டிசம்பர்த் திங்களில் "எதிர்நீச்சல் தொடர்கிறது" என்ற பெயரில் அக்கதை மீண்டும் தொடங்கியபோது, இரவு எட்டரை மணிக்குத் தொலைபேசியில் அழைத்தார். "திரும்ப ஆரம்பிச்சிட்டாங்க. இந்தத் தடவை நீ முதல்லேருந்து பாரு, அப்புறம் எழுது," என்றார். முதல் வாரம் முழுவதும் பார்த்தேன். என் மனைவியார் அறைக்குள்ளிருந்து, "எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். "பொறு, இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்றேன்.