‘நாங்கள்’ என்பது யார்?

அடையாறு பஞ்சமர் இலவசப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்காக கோர்ட்ரைட் அம்மையார் 1906இல் எழுதிய கையேட்டின் தலைப்பு: ‘ஹவ் வி டீச் தி பறையா’. இதைத் தமிழாக்கினால் ‘நாம்’ போட முடியாது, ‘நாங்கள்’தான். பறையர் அதில் செயப்படுபொருள்.

தீட்டுப் பார்த்த காலத்தில், 1894இல் கர்னல் ஒல்காட் தொடங்கிய பள்ளிக்கூடத்தில் சேரிப் பிள்ளைக்குக் கிண்டர்கார்ட்டன் முறை வந்தது சின்ன காரியமில்லை. அதை மறுக்கிறவன் அல்ல நான். 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலும் வாத்தியாரைப் பிள்ளைகளோடு தரையில் உட்காரவைத்தது. ஆனால் அட்டையை எழுதியது யார்?

ஊரூர் ஒல்காட் குப்பத்தில் மாலை வகுப்பு எடுத்தபோது ‘காற்று’ அட்டையைக் காட்டினேன். (குப்பத்தார் மீனவர்கள். சேரிக்கும் குப்பத்துக்கும் நடுவே இருக்கும் கோட்டை நான் மறக்கவில்லை.) மூணாங்கிளாஸ் பெண் ஒருத்தி, “எந்தக் காத்து சார்? கச்சானா, கொண்டலா?” என்றாள். எம்.ஏ. தமிழ் படித்த எனக்குப் பதில் தெரியலை. அட்டையைத் திருப்பிப் பார்த்தேன், அதிலேயும் இல்லை.

பயிற்சி நாட்களில் ஒருநாளாவது வாத்தியார்கள் கரையில் வலை பின்னுகிறவர்களிடம் போய் உட்காரட்டும். நோட்டுப் புத்தகத்தோடு, மாணவர்களாக.