அளவுக்குட்பட்ட அரசும் சுதந்திராக் கட்சியும்

சகல காரியங்களையும் சர்க்காரே நடத்த வேண்டுமென்ற நம்பிக்கை தேசமெங்கும் மேலோங்கியிருந்த காலத்தில், சர்க்கார் தலையிடத் தகாதவை எவை என்ற வினாவை எழுப்பிய பெருமை ராஜாஜிக்கு உரியது. 1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் கூட்டுறவுப் பண்ணை முறையை ஏற்றுக்கொள்ள, அதனை எதிர்த்து அவரும் என். ஜி. ரங்கா, மினு மசானி முதலியோரும் அவ்வாண்டிலேயே சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தனர்.

அக்கட்சியின் வாதத்தில் வலுவான பகுதி, ‘பர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யம்’ என்று ராஜாஜி பெயரிட்ட முறையைப் பற்றியதாகும். 1951-ஆம் ஆண்டின் தொழில் ஒழுங்குமுறைச் சட்டப்படி, குறிப்பிட்ட தொழில்களில் புதிய ஆலை தொடங்கவும் பழையதை விஸ்தரிக்கவும் லைசென்ஸ் வேண்டியிருந்தது. மறுக்கும் அதிகாரம் உள்ளவனுக்கு அதை விலைக்கு விற்கும் வாய்ப்பும் உண்டு. லைசென்ஸ் பெற்றுவிட்ட முதலாளிக்கோ, பெறாதவனுடைய போட்டியிலிருந்து பாதுகாப்பும் கிடைத்துவிடுகிறது. ஏழைக்காக ஏற்பட்ட கட்டுப்பாடு செல்வாக்குள்ளவனுக்கு அரணாக முடிவதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். 1952-இல் சென்னை முதல்வராக உணவு தானியக் கட்டுப்பாட்டை அவர் துணிந்து நீக்கியதும் இதே நோக்கினால்தான்.

ஆயினும், மனிதனை ஒடுக்கும் அதிகாரம் சர்க்காரிடம் மட்டுமே இருப்பதாகக் கொண்டது இச்சித்தாந்தத்தின் பெருங்குறை. நிலச் சீர்திருத்தச் சட்டங்களுக்குப் பாதுகாப்பளித்த 1964-ஆம் ஆண்டின் பதினேழாவது அரசியலமைப்புத் திருத்தத்தை அக்கட்சி எதிர்த்தபோது, சொந்தத்தில் ஒரு குழி நிலமும் இல்லாத குத்தகைதாரனுக்கு, சொத்துரிமை என்பது தன்னை வெளியேற்ற வல்லவனின் உரிமையாகவே தோன்றியிருக்கும். சமஸ்தானாதிபதிகளும் பெருநிலக்காரரும் கட்சியில் திரண்டது அந்த ஐயத்தை வளர்த்தது.

ராஜாஜியின் சொந்தச் செயல்களும் கொள்கையோடு முற்றும் பொருந்தவில்லை. 1937-இல் சேலத்தில் மதுவிலக்கைப் புகுத்தியவர், 1953-இல் கிராமப் பிள்ளைகள் அரை நேரம் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோர் தொழிலிலும் பழக வேண்டுமென்ற கல்வித் திட்டத்தைக் கொணர்ந்தார். நெல் மூட்டையின் போக்கில் சர்க்கார் குறுக்கிடலாகாதென்றவர், பிள்ளையின் பிற்காலத்தை வகுக்க அதனை அனுமதித்தது விசித்திரமே. எதிர்ப்பு மூண்டு, 1954-இல் அவர் பதவி விலகியபின் அத்திட்டம் கைவிடப்பட்டது.

1967-இல் மக்களவையில் 44 இடங்களைப் பெற்ற கட்சி, 1971-இல் எட்டாகக் குறுகியது. லைசென்ஸ் முறையோ 1991-இல் பெரும்பாலும் கைவிடப்பட்டது. ஆகவே, கட்சி தோற்றபோதிலும் அதன் கண்டனத்தில் உண்மையிருந்தது என்பதே நியாயமான தீர்ப்பு. ஆனால் சர்க்கார் விலகவேண்டுமென்று கோருவோர், அது விட்டுச்செல்லும் அதிகாரம் யார் கைக்குப் போகும் என்பதற்கும் விடை கூறக் கடமைப்பட்டவர்கள்.