குற்றமுடைய இளந்தலைவனும் வாசகர் மதிப்பும்: லெ குவினின் கெட் பாத்திரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

உர்சுலா கே. லெ குவின் எழுதி 1968இல் வெளிவந்த 'எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ' என்னும் மிகுபுனைவு நாவலின் தலைவன் கெட், தன் செருக்கினால் ஓர் உயிரிழப்புக்குக் காரணமாகிறான். அத்தகைய ஒருவன் வாசகரின் மதிப்புக்கு உரியவனா என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. திறமை கண்டு வியத்தல், துன்பம் கண்டு இரங்கல், செயல் கண்டு மதித்தல் ஆகிய மூன்றும் தம்முள் வேறானவை. இவற்றுள் மூன்றாவதைக் கெட் படிப்படியாக ஈட்டுகிறான் என்பதையும், அம்மதிப்புக்கும் எல்லை உண்டு என்பதையும் நாவலின் நிகழ்வுகளைக் கொண்டு இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: மிகுபுனைவு, லெ குவின், எர்த்ஸீ, தலைமைப் பாத்திரம், குற்றம், பொறுப்பேற்றல்

முன்னுரை

குறையற்ற தலைவனைப் படைப்பது பழங்காப்பிய மரபு. தமிழ் அணியிலக்கணமும் பெருங்காப்பியத்திற்குத் தன்னேரில்லாத் தலைவனை வேண்டுகிறது. இருபதாம் நூற்றாண்டின் இளையோர் மிகுபுனைவு இந்நெறியிலிருந்து பெரிதும் விலகிற்று. பிழை செய்யும் சிறுவனே அங்குத் தலைவனாகிறான். இம்மாற்றத்தை வரவேற்போர், பிழையுடையவனே மெய்யான மனிதன் என்பர். அக்கூற்றில் உண்மை உண்டு. எனினும் மெய்ம்மை வேறு, மதிப்பு வேறு. ஒரு பாத்திரம் நம்மைப் போன்று இருப்பதனாலேயே அது மதிக்கத்தக்கது ஆகிவிடாது. அப்பாத்திரத்தின் பிழைக்கு வேறொருவர் உயிரை விலையாகக் கொடுத்திருக்கையில் இவ்வினா மேலும் கூர்மை பெறுகிறது. இளம் வாசகர் எதனை மதிக்கக் கற்கின்றனர் என்பது இதில் அடங்கியிருப்பதால் இது வெறும் சுவை பற்றிய வினாவன்று. இதனை ஆராய்வதற்குக் கெட் என்னும் பாத்திரம் ஏற்ற களமாக அமைகிறது.

குற்றத்தின் இயல்பு

காண்ட் தீவின் மலைச்சிற்றூரில் கொல்லன் மகனாகப் பிறந்தவன் கெட். தாயை இழந்த அவனுக்கு ஊர்ச் சூனியக்காரியான அத்தையே முதல் ஆசிரியை. கார்கு வீரர் படையெடுத்து வந்தபோது மூடுபனியை வரவழைத்து ஊரைக் காக்கிறான். பதின்மூன்றாம் வயதில் ஓகியன் என்னும் மந்திரவாதி அவனுக்கு மெய்ப்பெயர் சூட்டித் தன் மாணவனாக ஏற்கிறார். பின்னர் அவன் ரோக் தீவின் மந்திரப் பள்ளியை அடைகிறான். ஜாஸ்பர் என்னும் மூத்த மாணவனோடு எழுந்த போட்டியில், இறந்துபட்ட எல்ஃபாரனின் ஆவியைத் தன்னால் அழைக்க முடியும் எனச் சூளுரைத்து அழைக்கிறான். உலகின் இழை கிழிகிறது. அதன் வழியே வடிவமற்ற நிழலொன்று வெளிப்பட்டு அவனைத் தாக்குகிறது. அக்கிழிசலை மூடும் முயற்சியில் தலைமை மந்திரவாதி நெம்மெர்ல் தம் ஆற்றல் முழுவதையும் செலவிட்டு உயிர் துறக்கிறார்.

இதனை அறியாச் சிறுவனின் பிழை எனக் கடந்துவிட இயலாது. இரண்டு காரணங்கள் அதனைத் தடுக்கின்றன. முதலாவது, ஓகியனின் இல்லத்தில் இருந்தபோதே ஒரு சிறுமியின் சீண்டலுக்கு ஆளாகி, இறந்தோரை அழைக்கும் மந்திரத்தை அவன் படித்தான். அன்றும் கதவருகே நிழல் தோன்றியது. ஓகியன் வந்து அதனை அகற்றி அவனை எச்சரித்தார். இரண்டாவது, ஒரு கூழாங்கல்லை மெய்யாகவே மாற்றுவதுகூட உலகின் சமநிலையை மாற்றுவதாகும் என ரோக்கின் ஆசிரியர் அவனுக்குக் கற்பித்திருந்தார். ஆகவே கெட் செய்தது எச்சரிக்கப்பட்ட குற்றம். எர்த்ஸீ உலகில் எந்த மந்திரமும் தனியொருவருக்கு மட்டும் உரிய செயலன்று. அதன் விளைவு எல்லோரையும் தொடும். குற்றத்தின் அளவைக் குறைத்துக் காட்டித் தலைவனைக் காக்க முற்படும் வாசிப்பு நாவலின் அடிப்படையையே தகர்த்துவிடும்.

வியப்பும் இரக்கமும்

கெட்டின் இயற்கைத் திறன் வியப்பூட்டுவது. ஆனால் நாவல் அவ்வியப்பை நம்பவில்லை. திறனே செருக்குக்கு இடமளித்தது என்பதை அது மறைக்கவும் இல்லை. நிகழ்வுக்குப் பின் கெட் நெடுநாள் நோயில் கிடக்கிறான். எழுந்தபின் முகத்தில் வடுவும் நாவில் தயக்கமும் எஞ்சுகின்றன. முன்னர் எளிதாக வந்த கல்வி இப்போது கடினமாகிறது. பின்னால் பயிலத் தொடங்கியோர் அவனுக்கு இணையாக வந்துவிடுகின்றனர். திறமைக்காக அவனை விரும்பிய வாசகர் இவ்விடத்தில் தம் விருப்பத்திற்கான பிடிமானத்தை இழக்கின்றனர்.

அந்த வெற்றிடத்தை இரக்கம் நிரப்பக்கூடும். அதற்கும் நாவல் இடந்தரவில்லை. தான் இறந்திருந்தால் நன்றாயிருக்கும் எனக் கெட் கருதும்போது, புதிய தலைமை மந்திரவாதி கென்ஷர் அதனைக் கண்டிக்கிறார். அவனுக்காக ஒருவர் உயிரைக் கொடுத்திருக்க, அவ்வுயிரின் மதிப்பை முடிவு செய்ய அவன் யார் என்பதே அவர்தம் கண்டனத்தின் சாரம். சிலப்பதிகாரத்தின் பாண்டியன் தன் தீர்ப்பு பிழையென உணர்ந்த கணமே அரியணையில் வீழ்ந்து உயிர்விடுகிறான். வளைந்த செங்கோலை அவன் இறப்பு நிமிர்த்துகிறது. கெட்டுக்கு அவ்வழி அடைக்கப்பட்டுள்ளது. குற்றத்தோடு வாழ்வதே அவனுக்கு விதிக்கப்பட்ட கடன். பாண்டியனின் முடிவு ஒரு கணத்து ஒப்புதல். கெட்டின் ஒப்புதலோ ஆண்டுக்கணக்கில் செய்யப்பட வேண்டியது.

மதிப்பு ஈட்டப்படும் இடங்கள்

மதிப்பிற்கான முதற்சான்று லோ டார்னிங் தீவில் கிடைக்கிறது. பெண்டார் தீவின் டிராகன்களுக்கு அஞ்சிய எளிய மீனவர்க்குக் காவலனாகக் கெட் செல்கிறான். பெரும்புகழை விரும்பியிருந்த அவன் இப்பணியை மனமுவந்து ஏற்கிறான். பின்னர் நிழல் நெருங்குவதை உணர்ந்து தீவைவிட்டு அகல எண்ணும்போதும் அம்மக்களைக் காவலின்றி விட்டுச்செல்ல அவன் ஒருப்படவில்லை. தானே பெண்டாருக்குச் சென்று முதிய டிராகனாகிய யெவாடை எதிர்கொள்கிறான். நிழலின் பெயரைச் சொல்வதாக யெவாட் ஆசை காட்டுகிறது. அப்பெயரே கெட்டின் உயிரைக் காக்கவல்லது. இருப்பினும் அவன் யெவாடின் மெய்ப்பெயரைக் கொண்டு, தீவுக்கூட்டத்தின் பக்கம் டிராகன்கள் வாராதிருக்கும் உறுதிமொழியையே பெறுகிறான். தன் மீட்சியும் பிறர் நலமும் எதிரெதிரே நின்றபோது அவன் எதனைத் தேர்ந்தான் என்பது இங்கு ஐயமின்றித் தெளிவாகிறது.

இதற்கு முன் நிகழும் மற்றொரு நிகழ்ச்சி இச்சான்றைச் சிக்கலாக்குகிறது. நண்பரான படகுத் தச்சர் பெச்வரியின் மகன் இறக்கும் தறுவாயில், அக்குழந்தையின் உயிரைத் தொடர்ந்து கெட் இறந்தோர் நாட்டினுள் அளவு கடந்து செல்கிறான். குழந்தையும் மீளவில்லை, அவனே அரிதின் உயிர் பிழைக்கிறான். இம்முறை எல்லை மீறலுக்குக் காரணம் அன்பு, செருக்கன்று. எனினும் எல்லை மீறல் எல்லை மீறலே. குற்றம் ஒருமுறை உணரப்பட்டவுடன் இயல்பு மாறிவிடுவதில்லை என்பதை நாவல் நேர்மையாகக் காட்டுகிறது. இந்நேர்மையே கெட்டின் பிற்கால மாற்றத்தை நம்பத்தக்கதாக ஆக்குகிறது.

இறுதிச் சான்று கதையின் முடிவில் உள்ளது. நிழலிடமிருந்து ஓடிய கெட், ஓகியனின் அறிவுரைப்படி திரும்பி அதனைத் தேடிச் செல்கிறான். மிகுபுனைவில் தீமை பெரும்பாலும் புறத்தே நின்று வாளுக்கு இரையாகும். இங்கோ கெட் தன் பெயராலேயே நிழலை அழைத்து அதனைத் தழுவிக்கொள்கிறான். அக்கொடுமையைச் செய்தவன் தானே என்பதை ஒரு சொல்லில் ஏற்பதே இப்பெயரிடலின் பொருள். பழியைச் சீண்டிய ஜாஸ்பர்மீதும் அது சாரவில்லை, இளமைமீதும் சாரவில்லை.

எதிர்வாதங்கள்

கெட்டை மதிப்பதற்கு எதிராக மூன்று வாதங்களை முன்வைக்கலாம். தானே உண்டாக்கிய தீங்கைத் தானே நீக்குவதில் சிறப்பு யாது என்பது முதல் வாதம். இது வலிமையானதே. ஆனால் தீங்கை உண்டாக்கியவர் பலர். அதனை நீக்கும் வரை விலகாது நிற்பவர் சிலர். அதிலும் புகழ் கிட்டாது எனத் தெரிந்தும் நிற்பவர் அரியர். கெட் பின்னாளில் பெரும்புகழ் எய்துவான் என நாவல் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுகிறது. நிழலோடு நிகழ்ந்த இப்போராட்டமோ அவனைப் பற்றிய புகழ்ப்பாடலில் இடம்பெறவில்லை என்று முடிகிறது. நண்பன் வெட்ச் ஒருவனே அதற்குச் சாட்சி. மதிப்பைப் புகழிலிருந்து பிரித்துக் காட்டுவதற்காகவே நாவல் இவ்வாறு தொடங்கி இவ்வாறு முடிகிறது எனலாம்.

இரண்டாவது வாதம் ஜாஸ்பரைப் பற்றியது. சீண்டியதில் அவனுக்கும் பங்குண்டு. ஆனால் அவன் மந்திரக்கோல் பெறாமலேயே ரோக்கை விட்டுச் சென்றான் என்ற செய்தியோடு நாவல் அவனைக் கைவிடுகிறது. திருந்தும் வாய்ப்பு தலைவனுக்கு மட்டுமே வழங்கப்படுமாயின், அத்திருத்தம் ஆசிரியரின் சலுகையாகத் தோன்றக்கூடும். இக்குறையை மறுக்க இயலாது.

மூன்றாவது வாதம் பெண்பாத்திரங்களைச் சார்ந்தது. அத்தையின் மந்திரம் இழிவாக மதிப்பிடப்படுகிறது. சீண்டிய சிறுமியே பின்னர் செர்ரெட் என்னும் பெயரில் மயக்குபவளாக மீண்டும் வருகிறாள். பிழை செய்து வளரும் உரிமை ஆணுக்கே உரியதாகிறது. லெ குவினே பிற்காலத்தில் இதனை எதிர்கொண்டார் என்பதற்கு 1990இல் வெளிவந்த 'டெஹானு' சான்றாகும். அங்குக் கதையின் மையம் டெனார் என்னும் பெண். ஆற்றல் அனைத்தையும் இழந்த கெட் ஆடு மேய்த்து வாழ்கிறான். ஆற்றல் நீங்கியபின் அவனிடம் மதிக்கத்தக்கது எது எஞ்சுகிறது என்னும் வினாவை ஆசிரியர் அங்கு மீண்டும் எழுப்புகிறார்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. கெட் தன் திறமைக்காக மதிக்கத்தக்கவன் அல்லன்; அத்திறமையே அவன் குற்றத்தின் கருவி. அவன் துன்பமும் மதிப்புக்குப் போதிய காரணமன்று. புகழுக்கோ மீட்சிக்கோ உறுதியில்லாத நிலையிலும் தன் செயலைத் தன்னுடையதென ஏற்று, அதனால் பிறர்க்கு நேரக்கூடிய தீங்கைத் தடுக்க அவன் தொடர்ந்து முயன்றதே மதிப்புக்கு உரியது. இம்மதிப்பு அவன் குற்றத்தை அழிப்பதில்லை. நெம்மெர்ல் மீண்டு வருவதுமில்லை. குற்றத்தை நினைவில் வைத்துக்கொண்டே ஒருவரை மதிக்க இயலும் என்பதை இளம் வாசகர்க்குக் காட்டுவதில்தான் இந்நாவலின் தகுதி அடங்கியுள்ளது. குறையற்ற தலைவனை வியக்கும் வாசகர்க்கு இத்தகைய பயிற்சி கிட்டுவதில்லை.