விதியும் விலையும்: அறிவியல் புனைவு, மிகுபுனைவு குறித்துச் சில கருத்துகள்

அறிவியல் புனைவுப் படங்களைப் பற்றியும் மிகுபுனைவுத் தொடர்களைப் பற்றியும் பேச்சு வந்தால் ‘இதெல்லாம் நடக்குமா?’ என்று யாராவது கேட்பதுண்டு. ஏழு கடல் தாண்டி ஒரு கிளிக்குள் அரக்கனின் உயிர் இருப்பதை நாம் சிறுவயதிலேயே நம்பினோம். ஆனால் கிளி செத்த பிறகும் அரக்கன் எழுந்து வந்தால் கதை கேட்கும் குழந்தைகூட ஒத்துக்கொள்ளாது. கதை தானே வகுத்த விதியைக் காப்பாற்றுகிறதா, அதற்கான விலையைப் பாத்திரங்கள் கொடுக்கிறார்களா என்று பார்ப்பதே பயனுள்ளது. அண்மையில் மறுபடியும் பார்த்த மூன்று படைப்புகளை இங்கு அப்படிப் பார்க்கலாம். அவற்றின் முக்கியத் திருப்பங்களும் முடிவுகளும் இதில் பேசப்படுகின்றன.

இன்டர்ஸ்டெல்லார் (2014)

கிறிஸ்டோபர் நோலன் இயக்கிய இப்படத்தில், கருந்துளைக்கு அருகிலுள்ள ஒரு கோளில் கழியும் ஒரு மணி நேரம் பூமியில் ஏழு ஆண்டுகள். ஈர்ப்பு மிகுந்த இடத்தில் காலம் மெதுவாக ஓடும் என்பது மெய்யான இயற்பியல். படத்தின் அறிவியல் ஆலோசகரான கிப் தோர்ன் 2017இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவர். கோளிலிருந்து கப்பலுக்குத் திரும்பும் கூப்பர், 23 ஆண்டுகளாகச் சேர்ந்துகிடக்கும் பிள்ளைகளின் காணொளிகளைப் பார்த்து அழுகிறான். சமன்பாடு எதுவும் தெரியாதவருக்கும் சார்பியல் அங்கே உறைக்கும்.

இறுதியிலோ, கருந்துளைக்குள் விழுபவனை எதிர்கால மனிதர்கள் அமைத்த வெளி ஒன்று ஏந்திக்கொள்கிறது. தொடக்கத்திலேயே இதற்குத் தடயம் உண்டு. ஆனாலும் அதுவரை எதையும் இலவசமாகத் தராத பிரபஞ்சம் திடீரென்று வள்ளலாகிவிடுகிறது. தன்னைவிட முதியவளாகிவிட்ட மகளின் மரணப் படுக்கையருகே கூப்பர் நிற்கும் காட்சிதான் படத்தை மீட்கிறது.

அரைவல் (2016)

டெனி வில்நெவ் இயக்கியது. வேற்றுக்கோள் உயிர்களின் வட்ட எழுத்தைக் கற்கும் மொழியியலாளர் லூயிசுக்கு எதிர்காலமும் நினைவுபோலத் தெரியத் தொடங்குகிறது. பிறக்கப்போகும் மகள் இளவயதிலேயே இறப்பாள் என்பதும் தெரிகிறது.

டெட் சியாங் எழுதிய மூலக்கதையில் மகள் விபத்தில் இறக்கிறாள். படம் அதைத் தீராத நோயாக மாற்றியது. விபத்து என்றால் ‘எச்சரித்திருக்கலாமே’ என்று தோன்றும். நோய்க்கு அந்த வழி இல்லை. பெற்றெடுப்பதா வேண்டாமா என்ற ஒரே கேள்விதான் எஞ்சுகிறது. சீனத் தளபதியைத் தொலைபேசியில் அழைத்துப் போரைத் தடுக்கும் பகுதி சற்று எளிதான தீர்வுதான். ஆனால் லூயிஸ் மகளைத் தேர்ந்தெடுக்கும் முடிவில் எந்தச் சலுகையும் இல்லை.

கேம் ஆஃப் த்ரோன்ஸ் (2011–2019)

இத்தொடரின் தொடக்கப் பருவங்களில் தொலைவு ஒரு விதியாக இருந்தது. தலைநகரிலிருந்து வின்டர்ஃபெல் வர அரசனின் பரிவாரத்துக்கு ஒரு மாதம் ஆனது. செய்தி தாமதமாவதால் உயிர்கள் போயின. ஏழாம் பருவத்திலோ, பனிச் சுவருக்கு அப்பால் சிக்கிய ஜான் ஸ்னோவுக்காக ஒருவன் சுவர்வரை ஓடுகிறான், பறவை தெற்கே செய்தி கொண்டுபோகிறது, டிராகன்கள் பறந்து வருகின்றன. எல்லாம் ஒரே பகுதிக்குள் முடிகிறது. அங்கே ஒரு டிராகன் பலியாகிறது. ஆயினும் முதல் பருவத்தில் நெட் ஸ்டார்க்கின் தலை விழுந்தபோது ஏற்பட்ட அதிர்ச்சி இதில் இல்லை. உதவி எப்படியும் வந்துவிடும் என்று நமக்குத் தெரிந்துபோனதே காரணம்.

இன்டர்ஸ்டெல்லார் சுமார் 16.5 கோடி டாலரில் எடுக்கப்பட்டது, அரைவல் சுமார் 4.7 கோடி டாலரில். பிரமாண்டத்தில் முன்னதே மேல். ஆனால் இவற்றில் ஒன்றை மட்டும் இன்னொரு முறை பார்க்கலாம் என்றால் நான் அரைவலையே எடுப்பேன்.